சிவப்புத் தொப்பி: புதுவைக் காவல் மாறிய வரலாறு

புதுவைக்கு முதன்முறையாக வரும் வெளியூர் அன்பர்கள் காவலரைக் கண்டதும் சற்றே நின்று பார்ப்பது வழக்கம். அவர் தலையிலுள்ள சிவப்புத் தொப்பியே அதற்குக் காரணம். 'கெப்பி' என்று பிரெஞ்சுக்காரர் அழைக்கும் அத்தொப்பி, அவர்தம் ஆட்சி நீங்கி எழுபது ஆண்டுகள் கடந்த பின்னரும் புதுவைக் காவலரின் உடையில் நிலைத்திருக்கிறது. பெயர்ப்பலகைகள் மாறின, கொடி மாறியது, சட்டநூல் மாறியது, தொப்பி மட்டும் மாறவில்லை.

அரபு மொழியில் காவல்துறைக்கு 'ஷுர்தா' என்று பெயர். 'அடையாளம்' என்னும் பொருளுடைய 'ஷரத்' என்ற சொல்லோடு அது உறவுடையது. இறுதிநாளின் அடையாளங்களை 'அஷ்ராத்துஸ் ஸாஆ' என்று நாம் குறிப்பிடுகிறோமே, அங்கு வரும் அதே சொல்தான். மக்கள் தம்மை இனங்காண்பதற்காக அவர்கள் ஓர் அடையாளத்தைத் தரித்துக்கொண்டமையால் அப்பெயர் வந்தது என்பது அகராதி வல்லார் தரும் விளக்கங்களுள் ஒன்று. அவ்வாறாயின், காவலன் என்பவன் முதற்கண் அடையாளம் தரித்தவன். அடையாளத்தைப் பார்த்தே நல்லவன் அருகில் வருகிறான். தீயவன் விலகி ஓடுகிறான்.

அடையாளம் மாறாதிருக்க, அதனைத் தரித்தவரின் எசமானரும் சட்டமும் மொழியும் முற்றிலும் மாறிய ஒரு வரலாறு நம் கண்முன்னேயே நிகழ்ந்திருக்கிறது. புதுவையையும், அதனைச் சூழ்ந்த வில்லியனூர், பாகூர் முதலிய கொம்யூன்களையும் காத்து நின்ற காவலரின் வரலாறே அது. ஓர் ஆட்சியின் கருவியாயிருந்த காவற்படையை மற்றோர் ஆட்சி எவ்வாறு ஏற்றுக்கொண்டது? அம்மாற்றத்தில் எது எளிதில் மாறியது, எது மாற மறுத்தது? இவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாடிகாவலும் சாவடியும்

காவல் என்பது தமிழ் நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த ஒன்றன்று. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்னும் வரியின் பெயர் காணப்படுகிறது. ஊரைக் காப்பதற்கு ஊரே கொடுத்த கூலி அது. பிற்காலத்தில் ஊர்க்காவற்காரரும் தலையாரியும் அப்பணியைச் செய்தனர். களவு போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர்தம் கடமை.

முகலாயர் ஆட்சியும் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியும் அதன்மேல் வேறொரு சொற்கூட்டத்தைக் கொண்டுவந்து வைத்தன. நகரக் காவல் தலைவர் 'கொத்தவால்' ஆனார். 'சிபாஹி' என்ற பார்சிச் சொல் நம் வாயில் 'சிப்பாய்' ஆயிற்று. பிரெஞ்சுக்காரர் வாயில் 'சிப்பாயி' ஆயிற்று. பொறுப்பை ஒப்படைத்தல் என்னும் பொருள்படும் 'ஹவாலா' என்ற அரபுச் சொல்லிலிருந்து 'அவில்தார்' பிறந்தார். பதவி ஒன்றேயாயினும் ஆட்சிக்கு ஆட்சி பெயர் மாறுவது புதிதன்று. ஷுர்தாவின் தலைவருக்கு இஃப்ரீக்கியாவில் 'ஹாகிம்' என்றும், அந்தலுசியாவில் 'ஸாஹிபுல் மதீனா' என்றும், துருக்கியர் ஆண்ட எகிப்தில் 'வாலி' என்றும் பெயர் வழங்கியதை அறிஞர் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில் எடுத்துக்காட்டுகிறார்.

புதுவையில் பிரெஞ்சுக் கம்பெனி காலூன்றியபோது, உள்நாட்டாரின் காவலுக்குத் தலைவராயிருந்தவர் 'நயினார்' எனப்பட்டார். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை அவரைப் பற்றியும், வழக்குகள் கேட்கப்பட்ட சாவடியைப் பற்றியும் நிறையவே எழுதி வைத்திருக்கிறார். அச்சாவடியே பிற்காலத்தில் பிரெஞ்சு ஏடுகளில் 'சோத்ரி' நீதிமன்றம் என்று பெயர் பெற்றது. வில்லியனூர், பாகூர்ப் பகுதிகள் 1749இல் சந்தா சாகிபின் கொடையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. மூன்றே ஆண்டுகளில், 1752இல், அதே பாகூர் வெளியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போரிட்டனர். உழவர் விதைத்த நிலத்தில் யார் அறுவடை செய்வார் என்பதே நிச்சயமற்றிருந்த காலம் அது.

நெப்போலியப் போர்கள் முடிந்து பிரான்சுக்கு அதன் குடியேற்றங்கள் திருப்பித் தரப்பட்டபோது, 1814ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை சேர்க்கப்பட்டது. இந்தியக் குடியேற்றங்களில் கோட்டை கட்டலாகாது. காவல் காப்பதற்கு வேண்டிய அளவினும் மேற்பட்ட படையை வைக்கலாகாது. இதன்படி, பின்னர் புதுவையில் நின்ற சிப்பாய்கள் உடையால் படைவீரராயினும் பணியால் காவலரே. படையும் காவலும் ஒன்றோடொன்று கலந்த இவ்வமைப்பின் விளைவு பின்னாளில் குருதியாகச் சிந்திற்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

1819 சனவரியில் பிரெஞ்சுச் சட்டங்கள் இங்கே நடைமுறைக்கு வந்தன. ஆயினும் இந்துக்கள், முஸ்லிம்கள் ஆகியோரின் குடும்ப வழக்குகளில் அவரவர் சட்டமும் வழக்கமும் பின்பற்றப்படும் என்று அவ்வாணையே உறுதி கூறியது. ஆட்சி மாறினும் மக்களின் உள்வாழ்க்கையைத் தொடலாகாது என்னும் எச்சரிக்கை அதிலிருந்தது.

மேரும் காவலும்

1880ஆம் ஆண்டு ஆணையின்படி பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் அமைந்தன. வில்லியனூரும் பாகூரும் அவற்றுள் அடங்கின. 1907இல் அவை பெருகிப் பதினேழாயின. ஒவ்வொரு கொம்யூனுக்கும் ஒரு 'மேர்'. அவருடைய அலுவலகமான 'மேரி'யில் பிறப்பு, இறப்பு, திருமணம் ஆகியவை பதிவாயின. இவை யாவரும் அறிந்தவை. மேருக்குக் காவலிலும் பங்கு உண்டு என்பது பலர் மறந்துவிட்ட செய்தி. பிரெஞ்சுச் சட்ட மரபில் ஊரின் அமைதி, சந்தை, தெரு, சுகாதாரம் ஆகியவற்றின் பொறுப்பு மேருடையது. அம்மட்டோ? 1808ஆம் ஆண்டு நெப்போலியன் காலத்துக் குற்றவியல் நடைமுறை நூல், குற்றத்தைப் புலனாயும் அதிகாரிகளின் வரிசையிலேயே மேரையும் சேர்த்து வைத்தது.

தேர்தலில் வென்றவர் கையில் காவலின் ஒரு முனை இருந்தால் என்ன நேரும்? நல்லவர் மேராயிருந்தால் ஊருக்கு நிழல். அல்லாதவர் மேராயிருந்தால் எதிர்க்கட்சியினருக்கு நெருப்பு. பிரெஞ்சு ஆட்சியின் இறுதி ஆண்டுகளில் புதுவைத் தேர்தல்கள் அடியாட்களாலும் அச்சுறுத்தலாலும் கெட்டுப்போயின. சுதந்திரமான வாக்கெடுப்புக்கு ஏற்ற சூழ்நிலை அங்கில்லை என்று 1951இல் வந்து பார்த்த நடுநிலை நோக்கர்களே கூறிச் சென்றனர்.

புதுவை நிலத்தின் அமைப்பும் காவலுக்குத் தொல்லை தந்தது. நிலப்படத்தை விரித்துப் பார்த்தால், புதுவைப் பகுதி ஒரே துண்டாக இல்லாமல், கிழிந்த துணியின் துண்டுகள் போலத் தென்னார்க்காட்டின் ஊர்களுக்கிடையே சிதறிக் கிடப்பதைக் காணலாம். ஒரு வரப்பைத் தாண்டினால் வேறோர் அரசு. களவு செய்தவனுக்கு இதனினும் வாய்ப்பான நிலம் எங்கே கிடைக்கும்? 1941இல் ஏற்பட்ட சுங்க உடன்பாடு 1949இல் முடிவுக்கு வந்தபின், அவ்வரப்புகள் கடத்தற்பாதைகளாயின. அங்கு நின்ற காவலர் ஊர்க்காவலரும் எல்லைக்காவலருமாக இரட்டைப் பணி செய்ய நேர்ந்தது.

வரப்புக்கு அப்பால்

வரப்புக்கு அப்பாலிருந்த ஆங்கிலேயர் பகுதியிலும் காவல்துறை ஒரு பெரும் மாற்றத்தைக் கண்டிருந்தது. புதுவைக்குப் பின்னாளில் வந்து சேர்ந்த சட்டங்கள் அங்கு உருவானவையாதலின் அதனை ஈண்டுச் சுருக்கமாகச் சொல்வது தேவையாகிறது.

சென்னை மாகாணத்தில் வரி தண்டிய அதிகாரியே காவல் அதிகாரியாகவும் இருந்தார். வரி கொடுக்க இயலாத உழவனைத் துன்புறுத்த அவருக்குக் காவலதிகாரம் உதவிற்று. விரல்களை நெரிக்கும் கிட்டியும், உடலை வளைத்துக் கட்டும் அண்ணாந்தாளும் வழக்கிலிருந்தன. இக்கொடுமை பற்றிப் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் பேச்சு எழவே, விசாரணைக் குழு அமைக்கப்பட்டு 1855இல் அதன் அறிக்கை வெளியாயிற்று. அதன் பயனாக, வருவாயிலிருந்து காவலைப் பிரித்துச் சென்னைக் காவற்சட்டம் 1859இல் இயற்றப்பட்டது. நாடு முழுமைக்கும் பொதுவான 1861ஆம் ஆண்டுக் காவற்சட்டம் அதனைத் தொடர்ந்தது. பின்னர் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் தன் 25ஆம் பிரிவில் ஒரு விதியை வைத்தது: காவல் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை நீதிமன்றத்தில் அவருக்கெதிராக நிறுவ முடியாது.

இவ்விதியை உற்று நோக்க வேண்டும். அரசு தானே காவலரை நியமித்துவிட்டு, அவர் முன்னிலையில் சொல்லப்பட்ட ஒப்புதலை நம்பமாட்டேன் என்றும் சொல்கிறது. அடிபட்டவர்களின் ஓலம் சட்டத்தில் இட்டுச் சென்ற தழும்பு அது.

1936 சூலை 30

பிரெஞ்சுப் புதுவைக்குத் திரும்புவோம். 1936ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30ஆம் நாள், உரிமை கேட்டுப் போராடிய பஞ்சாலைத் தொழிலாளர்மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச்சூட்டில் பன்னிருவர் மாண்டனர். ஆண்டுதோறும் அந்நாள் தியாகிகள் நாளாகப் புதுவையில் நினைவுகூரப்படுகிறது. ஆலையில் வேலை செய்தோரிற் பலர் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து நாள்தோறும் வந்து போனவர்கள். எனவே அத்துயரம் நகரத்தோடு நில்லாமல் சிற்றூர் வீடுகளுக்கும் சென்றது. காவலையும் படையையும் வேறுபடுத்தாத அமைப்பு தன் குடிமக்களையே பகைவராகப் பார்க்கும் என்பதற்கு அதுவே சான்றாயிற்று.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் பிரெஞ்சு ஆட்சியின் இறுதி நாட்கள் வந்தன. 1954 மார்ச்சுத் திங்களில் கொம்யூன்களின் மேர்களும் மன்ற உறுப்பினர்களும் இந்தியாவோடு இணையத் தீர்மானித்தனர். அம்மாத இறுதியில் நெட்டப்பாக்கத்தில் காவல் நிலையம் கைப்பற்றப்பட்டு மூவண்ணக் கொடி ஏறிற்று. விடுதலைப் படையினர் ஓர் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் நாடிச் சென்ற இடம் காவல் நிலையம் என்பது கவனிக்கத்தக்கது. மக்கள் கண்ணில் ஆட்சியின் உருவம் அதுதான். யானாமில் சூன் திங்களில் நடந்த புரட்சிக்குத் தலைமை தாங்கிய ததாலா ரஃபேல் ரமணய்யா, முன்னர்ப் பிரெஞ்சுக் காவல்துறையிலேயே அதிகாரியாயிருந்து வெளியேறியவர். படைக்குள்ளேயும் மனங்கள் மாறிக்கொண்டிருந்தன.

வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18ஆம் நாள் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தனர். இணைப்புக்கு ஆதரவாக 170 பேர், எதிராக எண்மர். நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. கேவல் சிங் முதல் தலைமை ஆணையராகப் பொறுப்பேற்றார்.

அஞ்சாதே என்ற சொல்

நவம்பர் முதல் நாள் காலையில் அச்சிவப்புத் தொப்பியைத் தரித்திருந்தவர்களின் மனநிலை எவ்வாறிருந்திருக்கும்? நேற்றுவரை விடுதலை கேட்டவர்களைத் துரத்தியவர்கள் அவர்கள். இன்று துரத்தப்பட்டோரே ஆட்சிக்கு வந்துவிட்டனர்.

என் இளமையில் எங்கள் தெருமுனையில் முதியவர் ஒருவர் இருந்தார். பிரெஞ்சுச் சேவகத்தில் சேர்ந்து இந்தியச் சேவகத்தில் ஓய்வு பெற்றவர். மதரஸா விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் திண்ணையில் அமர்ந்து பேச்சுக் கேட்பேன். "தம்பி, கொடி ஏறினதைப் பார்த்தேன், நம்பவில்லை. வேலையை விட்டுத் துரத்திவிடுவார்கள், அல்லது பிடித்து உள்ளே வைப்பார்கள் என்றே நினைத்தேன். அடுத்த மாதம் சம்பளம் குறையாமல் கைக்கு வந்தது. அன்றைக்குத்தான் நம்பினேன்" என்பார்.

அவர் கைக்கு வந்த சம்பளத்திற்குப் பின்னால் இரு நாடுகளின் உடன்பாடு இருந்தது. 1956 மே 28ஆம் நாள் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை அதனைத் தெளிவாக எழுதி வைத்தது. பிரான்சின் தலைமைப் பணிநிலையைச் சேர்ந்தவர் நீங்கலாக, உள்ளூர்ப் பணியாளர் அனைவரையும் இந்திய அரசு தன் சேவகத்தில் ஏற்கும். காவற்படையினரும் அதில் அடங்குவர். அவர்தம் ஊதியம், விடுப்பு, ஓய்வூதியம் ஆகியவை முன்போலவே தொடரும். கைமாற்றத்திற்கு முன் கடமையாற்றியபோது செய்தவற்றுக்காக எவரையும் நீக்குவதோ அவர் முன்னேற்றத்தைக் கெடுப்பதோ கூடாது. சுருங்கச் சொன்னால், அரபியில் நாம் 'அமான்' என்று சொல்லும் அபயம் அது.

இவ்வுறுதி எல்லார்க்கும் இனித்தது என்று சொல்வதற்கில்லை. 1936இல் தந்தையை இழந்த வீட்டிற்கு அது கசந்தே இருக்கும். தலையில் தடி விழுந்த தியாகிக்கு, அத்தடி பிடித்த கை அதே நிலையத்தில் அதே தொப்பியுடன் நிற்பதைக் காண்பது எளிதாயிருந்திருக்குமா? நீதி வேண்டும் என்னும் குரலும், அமைதி வேண்டும் என்னும் குரலும் ஒரே நேரத்தில் எழுகின்ற இடம் அது. இந்திய அரசு அமைதியைத் தேர்ந்தது. அச்சமுற்ற காவலன் இருவகையில் தீங்காவான்: ஒன்று, ஓடி ஒளிந்து ஊரைக் காவலின்றி விடுவான், மற்றொன்று, புதிய எசமானரை மகிழ்விக்கப் பழையதினும் கடுமையாய் நடப்பான். அபயம் பெற்றவனோ வேலையைச் செய்வான்.

வரலாற்றில் இதற்கு முன்னோடி உண்டு. முஸ்லிம்கள் திமிஷ்கையும் ஈராக்கையும் வென்றபோது, அங்கிருந்த வருவாய் அலுவலகங்களைக் கலைக்கவில்லை. சிரியாவில் கிரேக்க மொழியிலும் ஈராக்கில் பார்சி மொழியிலும் பதிவேடுகள் முன்போலவே எழுதப்பட்டன. ஸர்ஜூன் இப்னு மன்ஸூர் என்னும் கிறித்தவர் திமிஷ்கின் திவானை உமையாக்களின் ஆட்சியிலும் நடத்திவந்தார். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து, அப்துல் மலிக் காலத்தில்தான் திவான்கள் அரபிக்கு மாறின. அதற்குள் இரு மொழியும் வல்ல எழுத்தர் தலைமுறை ஒன்று உருவாகியிருந்தது. ஆட்களைக் காத்து, பின்னர் முறையை மாற்றுவது என்னும் வரிசை அங்கே பின்பற்றப்பட்டது.

புதுவையிலும் அதே வரிசைதான். கொடி 1954இல் மாறிற்று. பிரெஞ்சுப் பாராளுமன்றம் உடன்படிக்கைக்கு ஒப்புதல் தந்தபின், சட்டப்படியான ஒப்படைப்பு 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் நிறைவேறிற்று. அவ்வாண்டே சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆளுகை இங்கு வந்தது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழி என்று உடன்படிக்கை கூறியிருந்தது. 1965ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழுக்கு அவ்விடத்தை அளித்தது. ஒன்றன்பின் ஒன்றாக, மூச்சுவிட இடைவெளி தந்து, மாற்றங்கள் வந்தன.

புத்தகம் மாறிய நாள்

எனினும் காவலருக்கு மெய்யான சோதனை வந்தது 1963 அக்டோபர் முதல் நாளில். அன்றுதான் இந்தியத் தண்டனைச் சட்டமும், குற்றவியல் நடைமுறைச் சட்டமும், சாட்சியச் சட்டமும் புதுவையில் நடைமுறைக்கு வந்தன. அதுவரை ஒன்பது ஆண்டுகள், இந்தியக் கொடியின்கீழ், பெரும்பாலும் பிரெஞ்சுக் குற்றவியல் சட்டமே நடந்தது.

இருமுறைகளும் அடிப்படையிலேயே வேறானவை. பிரெஞ்சு முறையில் பெருங்குற்றங்களைப் புலனாய்பவர் விசாரணை நீதிபதி. வழக்குத் தொடுப்பவர் 'புரோக்யூரர்'. காவலர் அவர்களுக்குக் கண்ணும் காலும். காவலர் எழுதும் அறிக்கை கோப்பில் ஏறும். நீதிபதி தம் உள்ளத் தெளிவின்படி முடிவு செய்வார். இந்திய முறையில் புலனாய்வு முழுவதும் காவல் நிலையத் தலைவரின் கையில். குற்றச் செய்தி வந்தவுடன் முதல் தகவல் அறிக்கை எழுதவேண்டும், சாட்சிகளை விசாரிக்கவேண்டும், நாட்குறிப்பு எழுதவேண்டும், நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் குறுக்கு விசாரணைக்கு நிற்கவேண்டும். அதிகாரம் பெருகிற்று, ஆனால் 25ஆம் பிரிவின்படி நம்பிக்கை குறைந்தது. முன்னர் நீதிபதியின் நிழலில் நின்றவர், இப்போது தனியே வெயிலில் நின்றார்.

அம்முதியவர் இதனைப் பற்றிச் சொல்வது இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. "கொடி மாறினபோது சல்யூட் அடிக்கிற திசைதான் மாறியது. புத்தகம் மாறினபோது நான் திரும்பவும் சின்னப் பிள்ளையானேன். பள்ளிக்கூடம் போன என் மகன் இரவில் படித்துச் சொல்வான், நான் மனப்பாடம் செய்வேன்" என்பார். நாற்பதை நெருங்கிய ஒருவர் தம் தொழிலை மீண்டும் அலிஃப், பே-யிலிருந்து தொடங்குவது எத்தகைய துன்பம் என்பதைக் கற்பிக்கும் தொழிலிலுள்ள நான் நன்கறிவேன். மாற்றத்தை ஆணையிடுவோர் ஒரு தாளில் கையெழுத்திடுகின்றனர். அதன் சுமையைத் தாங்குவது கடைநிலைக் காவலர்.

ஊராருக்கும் இது மாற்றமே. மேரிடம் போய் முறையிட்டுப் பழகியவர்கள் இனி நிலையத்திற்கே போகவேண்டும். 1973ஆம் ஆண்டுக் கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டத்தின் பின், மேர் என்னும் பதவியும் வரலாறாயிற்று. ஊர்த்தலைவரிடமிருந்த காவற்பங்கு நீங்கியது ஒருவகையில் நன்மை. கட்சிக்காரரின் கை காவலிலிருந்து விலகியது. மற்றொரு வகையில் இழப்பு; தெரிந்த முகம் போய்த் தெரியாத முகம் வந்தது.

வாயிற்படியில்

இனி, மாறாதது ஒன்றையும் சொல்லவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் ஓதவரும் மாணவன் ஒருவனின் மிதிவண்டி களவு போயிற்று. மாநில எல்லை வளைந்து நெளிந்து செல்லும் சாலை அது. அவன் தந்தை கூலி வேலை செய்பவர். நிலையத்துக்குப் போக அஞ்சினார். நான் உடன் சென்றேன். முதலில் சென்ற இடத்தில், "களவு போன இடம் எங்கள் எல்லையில் இல்லை" என்றனர். மற்றோர் இடத்தில், "அது அவர்கள் எல்லை" என்றனர். பிற்பகல் முழுவதும் கழிந்தது. இறுதியில் ஒரு வெள்ளைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, பார்க்கிறோம் என்று அனுப்பிவிட்டனர். எவரும் ஏசவில்லை; அடிக்கவில்லை. ஆனால் திரும்பும் வழியில் அத்தந்தை சொன்னார்: "இதற்குத்தான் அசரத், நான் வரவேண்டாம் என்றேன்."

18ஆம் நூற்றாண்டில் சிதறுண்ட எல்லை, கொடிகள் பல மாறிய பின்னரும், ஓர் ஏழையின் மிதிவண்டியை விழுங்குமளவுக்கு உயிரோடிருந்தது. அதனினும் வருந்தத்தக்கது அத்தந்தையின் சொல். சட்டம் மாறியதும், உரிமை வந்ததும் அவர் வாயிற்படியை எட்டவில்லை.

இக்குறை புதுவைக்கு மட்டும் உரியதன்று. 1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம் அறிக்கைமேல் அறிக்கை தந்தது. அவை பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கின. உச்சநீதிமன்றம் 2006 செப்டம்பரில், பிரகாஷ் சிங் வழக்கில், ஏழு கட்டளைகளை இட்டது. புலனாய்வுப் பணியையும் அமைதிகாக்கும் பணியையும் பிரிக்கவேண்டும், காவலர்மீதான முறையீடுகளைக் கேட்க ஆணையம் வேண்டும் என்பன அவற்றுட் சில. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில், பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகச் செய்தி வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு இருந்தும் நாங்கள் வெள்ளைத்தாளோடு திரும்பினோம்.

மீண்டும் ஒரு புத்தகம்

2024 சூலை முதல் நாள் மீண்டும் புத்தகம் மாறியது. 1963இல் புதுவைக்கு வந்த தண்டனைச் சட்டமும் சாட்சியச் சட்டமும், 1973இல் திருத்தி எழுதப்பட்ட நடைமுறைச் சட்டமும் நீங்கி, பாரதிய நியாய சன்ஹிதா முதலிய மூன்று சட்டங்கள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்துள்ளன. இவற்றின் பெயர் பற்றியும் பிரிவுகள் சிலவற்றைப் பற்றியும் கருத்து வேறுபாடுகள் உண்டு. அவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. நம் இல்லங்கள் அறிந்திருக்கவேண்டிய சிலவற்றை மட்டும் கூறுகிறேன்.

புதிய நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருப்பினும், எந்த நிலையத்திலும் செய்தி கொடுக்கலாம். எல்லை எங்களுடையதன்று என்று திருப்பி அனுப்புவதற்கு இடமில்லை. மின்வழியாகவும் அனுப்பலாம், மூன்று நாட்களுக்குள் நேரில் கையொப்பமிட்டால் போதும். பதிவு செய்த தகவலின் படியை இலவசமாகப் பெறும் உரிமை உண்டு. புலனாய்வு எந்த அளவில் இருக்கிறது என்பதைத் தொண்ணூறு நாட்களுக்குள் முறையிட்டவருக்குத் தெரிவிக்கவேண்டும். வீட்டைச் சோதனையிடுவதை ஒளி, ஒலிப் பதிவு செய்யவேண்டும். காவலரிடம் கூறும் ஒப்புதல் செல்லாது என்ற பழைய விதியோ புதிய சாட்சியச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் தொடர்கிறது. 1855ஆம் ஆண்டு அறிக்கையில் ஒலித்த ஓலம் இன்னும் சட்டநூலில் கேட்கிறது என்றே நான் எண்ணிக்கொள்கிறேன்.

இச்சட்டங்களைக் கற்கும் காவலரையும் இவ்விடத்தில் நினைக்கவேண்டும். நாற்பது வயதில் பிரிவெண்களை மறந்து புதியவற்றைப் படிக்கும் தலைமைக் காவலர் ஒவ்வொருவரும், எங்கள் தெருமுனை முதியவரின் இடத்தில் இன்று நிற்கிறார். 1954இல் அவருக்குக் கிடைத்தது போல் இவருக்கும் அவகாசமும் பயிற்சியும் கிடைக்கவேண்டும். கிடைக்காவிடில், அறியாமையை மறைக்கக் கடுமையையே அவர் துணைகொள்வார்.

புதுவையின் வரலாறு நமக்குக் காட்டுவது இதுதான். காவற்படையை மாற்றுவதற்கு ஆட்களைப் பழிவாங்க வேண்டுவதில்லை. அபயம் தந்து, வரிசையாக, கற்பித்து மாற்றினால் ஒரே ஆண்டில் எசமானரையும், பத்தாண்டில் சட்டத்தையும் மொழியையும் மாற்றிவிடலாம். 1954 முதல் 1965 வரை அது இம்மண்ணிலேயே செய்து காட்டப்பட்டது. ஆனால் அன்று காவலருக்குக் கொடுத்த அபயம் போன்ற ஒன்று, முறையிட வரும் ஏழைக்கு எழுத்திலேனும் வர அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. எழுத்தில் வந்தது நடப்பில் வருவது நம் கையிலும் இருக்கிறது.

ஆகவே, நம் குடும்பத்தார்க்கு இரண்டு சொற்கள். அநீதி நேர்ந்தால் அஞ்சி வீட்டிலிராமல், படித்த பிள்ளை ஒருவரை உடனழைத்துக்கொண்டு நிலையத்திற்குச் செல்லுங்கள். பதிவின் படியைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து, நம் பிள்ளைகளுள் தகுதியுடையோரைக் காவற்பணித் தேர்வுக்கு அனுப்புங்கள். வாயிற்படியில் தெரிந்த முகம் இல்லையே என்று வருந்துவதைவிட, நம் பிள்ளையே அங்கு நின்று, மிதிவண்டி தொலைத்து வரும் எவரையும் சாதி சமயம் பாராமல் "உட்காருங்கள் ஐயா, என்ன நடந்தது சொல்லுங்கள்" என்று கேட்பது மேலானதன்றோ?

அம்மாணவன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். காவலர் தேர்வுக்கு விண்ணப்பிக்கப்போவதாகச் சென்ற மாதம் வந்து சொன்னான். அவன் தந்தை சிறிது தயங்கினார், பின்னர், "அந்தச் சிவப்புத் தொப்பி இவனுக்குப் பொருந்துமா அசரத்?" என்று என்னைக் கேட்டார். பொருந்தும் என்றேன்.